பாசறையில் பயின்ற இலக்கணம்

தமிழ்த்துறை மலரில் ஆங்கில இலக்கணத்தார் ஒருவரின் வாழ்க்கைக்கு இடமேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா முறையானதே. எனினும், ஆண்டுதோறும் நம் கல்லூரிகளின் முதலாண்டு வகுப்பில் வந்தமரும் மாணவ மாணவியரைக் கண்டவர்க்கு விடை கூற வேண்டுவதில்லை. தமிழ்வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர் அவருள் பலர். ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதி, இதன் எழுவாய் எது, பயனிலை எது, செயப்படுபொருள் எது எனக் கேட்டால் தலை கவிழ்கின்றனர். இம்மூன்றும் அவர்கள் அறியாதவை அல்ல. தமிழ் வகுப்பில் நொடியில் சொல்லுவர். ஆங்கிலம் என்றவுடன் அவ்வறிவு எங்கோ சென்று ஒளிந்து கொள்கிறது. ஆங்கில இலக்கணம் ஆங்கிலேயர் அனைவர்க்கும் பிறப்போடு வந்த சொத்து என்றும், தாம் மட்டுமே அதற்கு அயலார் என்றும் அவர்கள் எண்ணிக் கொள்கின்றனர்.

அவ்வெண்ணம் பிழையானது. இங்கிலாந்திலேயே ஒரு காலத்தில் உழவரும் நெசவாளரும் படைவீரரும் அம்மதிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவரே. வெளியே நின்றவருள் ஒருவர் பசியோடும் குளிரோடும் உள்ளே நுழைந்தார். நுழைந்தபின் கதவைத் தம் போன்றார்க்குத் திறந்தும் வைத்தார். அவர்தாம் வில்லியம் காபெட்.

சர்ரே மாவட்டத்து ஃபார்னம் என்னும் சிற்றூரில் 1763 மார்ச்சு 9ஆம் நாள் காபெட் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் காபெட் சிறு உழவர். வழிப்போக்கர் தங்கும் விடுதி ஒன்றையும் நடத்தி வந்தார். மைந்தர் நால்வருள் வில்லியம் மூன்றாமவர். நடை பயின்ற பருவத்திலேயே வயலில் விதைத்த டர்னிப் விதைகளைப் பறவைகள் கொத்தாதபடி விரட்டும் வேலை அவருக்கு வாய்த்தது. பின்னர்க் களை கொத்தினார், ஏர்க்குதிரை ஓட்டினார். பள்ளிப் படிப்பு என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. குளிர்கால மாலைகளில் தந்தையாரே மைந்தர்களை அமர்த்தி எழுத்தும் எண்ணும் கற்பித்தார். இலக்கணமும் கற்பிக்க முயன்றார். ஆனால் அவருக்கே அது தெளிவாக விளங்கவில்லை. விதிகளை மனனம் செய்வித்தார். விதிகளின் காரணத்தைச் சொல்ல இயலவில்லை. பிள்ளைகள் ஒப்பித்தனர்; ஒன்றும் அறிந்தாரில்லை. இதனைக் காபெட்டே பிற்காலத்தில் தந்தையார்மீது குறையாத அன்போடு எழுதியுள்ளார். இலக்கணம் கற்பிக்கும் நாமனைவரும் நம்மை ஒருமுறை தொட்டுப் பார்த்துக் கொள்ள வேண்டிய இடம் இது.

பதினொரு வயதளவில் ஃபார்னம் கோட்டையிலிருந்த ஆயரின் தோட்டத்தில் செடிகளைக் கத்தரிக்கும் வேலையில் இருந்தார். கியூ என்னுமிடத்து அரச தோட்டத்தின் அழகை அங்கொருவர் வருணிக்கக் கேட்டு, மறுநாளே எவரிடமும் சொல்லாமல் அதனைக் காணக் கால்நடையாகப் புறப்பட்டார். கையிலிருந்தது ஆறரைப் பென்னி. வழியில் ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் இரண்டு பென்னி, பருகியதற்கு ஒரு பென்னி, எங்கோ தவறவிட்டது அரைப் பென்னி. மாலையில் ரிச்மண்டை அடைந்தபோது எஞ்சியது மூன்று பென்னி. அவ்வூர்க் கடையொன்றின் பலகணியில் ஒரு சிறு நூல் கண்ணிற்பட்டது. ஜோனதன் சுவிஃப்ட் எழுதிய ஒரு தொட்டியின் கதை என்னும் அங்கத நூல் அது. விலை மூன்று பென்னி. இரவு உணவா, நூலா என்னும் வழக்கில் நூலே வென்றது. வைக்கோற்போர் ஒன்றன் அருகே அமர்ந்து இருட்டும்வரை படித்தார், அங்கேயே உறங்கினார். பாதி விளங்கவில்லை எனினும், அறிவின் கண் அன்றுதான் திறந்தது என்பது அவர்தம் கருத்து. அந்நூலைப் பல்லாண்டுகள் உடன் வைத்திருந்து, பின்னர் வட அமெரிக்கக் கடலில் பறிகொடுத்தார். பெரும்பொருள் இழந்த காலத்தும் அத்துணை வருந்தவில்லையாம்.

1783இல் ஒருநாள் சந்தைக்குச் செல்லப் புறப்பட்டவர் இலண்டன் செல்லும் வண்டியைக் கண்டு அதில் ஏறிவிட்டார். வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராகச் சில மாதங்கள் அடைபட்டுக் கிடந்தார். அவ்விருண்ட அறையை அவர் வாழ்நாள் முழுதும் வெறுத்தார். 1784இல் கடற்படை வீரராக எண்ணிச் சென்று, 54ஆம் காலாட்படைப் பிரிவில் சேர்க்கப்பட்டார். சாத்தம் என்னும் ஊரின் படைவீட்டில் ஏறத்தாழ ஓராண்டு தங்கினார். நம் கதையின் மையம் அப்படைவீடே.

கையெழுத்து நன்றாக இருந்தமையால் அங்கிருந்த தளபதி டெபீக் என்பார் தம் கடிதங்களைப் படியெடுக்கும் பணியைக் காபெட்டிடம் ஒப்படைத்தார். படியெடுத்த தாள்களில் இலக்கணப் பிழைகள் மலிந்திருந்தன. தளபதி சினந்து விரட்டவில்லை. இலக்கணம் கற்குமாறு அறிவுறுத்தினார்; கற்றால் உயர்வுண்டு என்றும் உரைத்தார். இவ்விடத்தில் நம் மரபில் வழங்கும் ஒரு செய்தி நினைவிற்கு வருகிறது. அரபு இலக்கணத்தின் பேராசான் ஸீபவைஹி பாரசீகத்தில் பிறந்தவர். பஸராவில் ஹம்மாத் இப்னு ஸலமா அவர்களின் அவையில் நபிமொழி பயின்றபோது ஒரு சொல்லின் ஈற்றை வேற்றுமை பிறழ உச்சரித்ததாகவும், ஆசிரியர் திருத்தவே, தம்மை எவரும் திருத்தவியலாத கல்வியைத் தேடப் புறப்பட்டதாகவும் சொல்லுவர். அத்தேடலின் விளைவே அல்கிதாப் என்னும் பெருநூல். ஒரு திருத்தம் ஒருவரை ஒடுக்கவும் கூடும், எழுப்பவும் கூடும். பாரசீக இளைஞரும் சர்ரே மாவட்டத்து உழவர் மகனும் எழுந்த இனத்தைச் சேர்ந்தவர்.

காபெட் வாங்கிய நூல் ராபர்ட் லௌத் எழுதிய ஆங்கில இலக்கணச் சிற்றறிமுகம். 1762இல் முதலில் வெளிவந்தது. லௌத் கிறித்தவ ஆயர். ஆக்ஸ்ஃபோர்டிலும் பின்னர் இலண்டனிலும் ஆயராக வீற்றிருந்தவர். அவர் நூலின் சிறப்பு அடிக்குறிப்புகளில் உள்ளது. ஷேக்ஸ்பியர், மில்டன், சுவிஃப்ட் முதலிய பெரும்புலவர் எழுத்துகளிலிருந்தே பிழைகளை எடுத்துக்காட்டியிருந்தார். தாம் பட்டினி கிடந்து வாங்கிய நூலின் ஆசிரியரும் பிழைபட எழுதக்கூடியவர் என்பதை அப்படைவீரர் இந்நூலிற் கண்டிருப்பார். நூலின் இறுதியில் சொற்றொடரைச் சொல் சொல்லாகப் பகுத்துக் காட்டும் பயிற்சியும் உண்டு. அதற்கு லௌத் எடுத்துக்கொண்ட பகுதிகளுள் ஒன்று, ஜக்கரிய்யா (அலை) அவர்களின் மைந்தராகிய யஹ்யா (அலை) அவர்களுக்குப் பாலைவெளியில் இறைவாக்கு வந்ததைக் கூறும் விவிலியப் பகுதி. இச்சொல் பெயர், இது எழுவாய் நிற்கும் வேற்றுமை, இது வினை, இது முன்னிடைச்சொல், அதனால் ஆளப்பட்ட பெயர் இது என்று ஒவ்வொன்றற்கும் அதன் தொழிலைச் சொல்லிச் செல்கிறது அப்பயிற்சி.

அந்நூல் முழுவதையும் காபெட் இரண்டு மூன்று முறை தம் கையால் எழுதினார். முற்றும் மனப்பாடம் செய்தார். காலையும் மாலையும் ஓதினார். காவற்பணியில் நிற்கும்போதெல்லாம், ஒருமுறை நின்றால் நூலை ஒருமுறை தொடக்கம் முதல் இறுதிவரை தமக்குள் சொல்லி முடிப்பது என விதித்துக் கொண்டார். துப்பாக்கி தோளில், இலக்கணம் நாவில். நம் மதரஸாக்களில் குர்ஆனை மனனம் செய்யும் ஹாஃபிள் மாணவர் பாடத்தைத் திரும்பத் திரும்ப ஓதிச் செப்பமிடுவதைக் கண்டவர்க்கு இம்முயற்சியின் அருமை புலப்படும்.

படைவீரரின் நாட்கூலி ஆறு பென்னி. உணவு முதலிய தேவைகளுக்குப் பிடித்தது போக வாரத்திற்கு ஏறத்தாழ இரண்டு பென்னியே கையில் எஞ்சும். படுக்கையின் விளிம்பே இருக்கை; முதுகுப்பையே நூலடுக்கு; மடிமேல் வைத்த பலகைத் துண்டே எழுதுமேசை. மெழுகுவத்திக்கும் எண்ணெய்க்கும் வழியில்லை. குளிர்காலத்தில் கணப்பு நெருப்பின் ஒளியில் படிக்கலாம். அதுவும் தம் முறை வரும்போது மட்டும். சுற்றிலும் பத்துப் பேர் பேசுவர், பாடுவர், சீழ்க்கையடிப்பர், பூசலிடுவர். ஒரு தாளும் இறகுப் பேனாவும் வாங்க உணவில் ஒரு பகுதியைத் துறக்க வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாச் செலவும் போக அரைப் பென்னியை மிச்சப்படுத்தி, மறுநாட் காலையில் ஒரு ஹெர்ரிங் கருவாடு வாங்கி உண்பது என மனக்கோட்டை கட்டியிருந்தார். இரவு ஆடை களைந்தபோது பசி பொறுக்கவியலாத நிலை. அரைப் பென்னியைத் தேடினார்; காணவில்லை. கிழிந்த போர்வைக்குள் தலையைப் புதைத்துக் குழந்தைபோல் அழுதார். இதனை அவர் எழுதியபோது அகவை அறுபத்தைந்தைக் கடந்துவிட்டது. அவ்வரைப் பென்னியை அவர் மறக்கவேயில்லை.

கற்றது விரைவில் பயன் தந்தது. 1785இல் படைப்பிரிவு வட அமெரிக்காவின் நோவா ஸ்கோஷியாவிற்கும், பின்னர் நியூ பிரன்ஸ்விக்கிற்கும் சென்றது. முப்பது சார்ஜண்டுகளைத் தாண்டிக் காபெட் ஒரே தாவலில் சார்ஜண்ட் மேஜர் ஆக்கப்பட்டார். பிரிவின் கணக்குகளும் அறிக்கைகளும் அவர் கையில் வந்தன. உயர்குடியிற் பிறந்த அதிகாரிகளுக்கு அணிவகுப்புக் கட்டளைகளை அட்டையில் எழுதித் தரவேண்டிய நிலையும் வந்தது. அப்போதுதான் அவர் வாழ்வைத் திருப்பிய உண்மை ஒன்றைக் கண்டார். ஆட்டிப் படைப்பவர் ஆடுபவரைக் காட்டிலும் அறிவுடையார் அல்லர். அவர்தம் கடிதங்களில் எழுவாய் ஒருபுறமும் பயனிலை மறுபுறமும் நிற்கின்றன.

அங்கேதான் பீரங்கிப்படைச் சார்ஜண்ட் ஒருவரின் மகளாகிய ஆன் ரீட் என்னும் சிறுமியைக் கண்டு, பின்னாளில் இவளையே மணப்பேன் என உறுதி பூண்டார். அவர் குடும்பம் இங்கிலாந்து திரும்பியபோது, தாம் சேர்த்த 150 கினியை அவரிடம் தந்து துன்பமின்றி வாழுமாறு சொல்லி அனுப்பினார். ஆண்டுகள் சென்று தேடிப்போனபோது, அம்மங்கை ஆண்டுக்கு ஐந்து பவுன் ஊதியத்திற்கு வீட்டுவேலை செய்து கொண்டிருந்தார். 150 கினியையும் தொடாமல் அப்படியே திருப்பிக் கையில் வைத்தார். 1792 பிப்ரவரியில் இருவரும் மணந்தனர்.

படையிலிருந்து 1791இன் இறுதியில் விலகிய காபெட், வீரர்களின் ஊதியத்தைச் சூறையாடிய அதிகாரிகள்மீது வழக்குத் தொடுத்தார். பிரிவின் ஏடுகளிலிருந்து சான்றுகளைப் படியெடுத்து வைத்திருந்தார். ஆனால் வலை தம்மீதே வீசப்படுவதை அறிந்து, 1792 மார்ச்சில் பிரான்சுக்கும், அவ்வாண்டே அமெரிக்காவிற்கும் சென்றார். பிலடெல்ஃபியாவில், புரட்சிக்கு அஞ்சி வந்திருந்த பிரெஞ்சு மக்களுக்கு ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். அவர்களுக்காக 1795இல் பிரெஞ்சு மொழியில் ஓர் ஆங்கில இலக்கணமும் எழுதினார். அயலாருக்குக் கற்பிக்கும்போதுதான் தன் மொழியின் எலும்புக்கூடு ஒருவனுக்குத் தெரியவரும். தாய்மொழியாளன் கேளாத வினாவை அயலான் கேட்பான்.

அவ்வினாக்களுள் தலையாயது, எழுவாயையும் செயப்படுபொருளையும் எவ்வாறு பிரித்தறிவது என்பது. தமிழில், உழவன் ஆயரைக் கண்டான் என்கிறோம். ஆயரை உழவன் கண்டான் என மாற்றினும் கண்டவன் உழவனே. ஐ உருபு காத்து நிற்கிறது. அரபியில் ஃபாஇலின் ஈற்றில் பேஷும் மஃப்ஊலின் ஈற்றில் ஜபரும் அப்பணியைச் செய்கின்றன. ஆங்கிலமோ தன் பெயர்ச்சொல் உருபுகளை, உடைமை ஒன்று நீங்கலாக, காலப்போக்கில் உதிர்த்துவிட்ட மொழி. தி ஃபார்மர் ஸா தி பிஷப் என்பதில் பெயர்களை இடம் மாற்றினால் கண்டவர் ஆயராகி விடுகிறார். அங்கே இடமே வேற்றுமை. ஹி, ஹிம் என்றும், ஹூ, ஹூம் என்றும் பிரதிப்பெயர்களில் மட்டும் பழைய உருவம் எஞ்சியுள்ளது. இவ்வொன்றை நன்கு உணர்ந்த மாணவன் ஆங்கில வாக்கியப் பகுப்பில் பாதிவழி வந்தவன் ஆவான்.

பின்னர் வந்த இருபது ஆண்டுகளின் அரசியலை விரித்தால் ஏடு இடங்கொடாது. அமெரிக்காவில் முள்ளம்பன்றி என்னும் புனைபெயரில் மன்னராட்சியை ஆதரித்து எழுதினார். அவதூறு வழக்கில் 5000 டாலர் தண்டம் விதிக்கப்பெற்று 1800இல் தாயகம் மீண்டார். 1802இல் பொலிட்டிக்கல் ரெஜிஸ்டர் என்னும் வார இதழைத் தொடங்கினார். ஆளுவோரை நெருங்கிக் கண்டபின் அவர்க்கு எதிரியானார். 1809இல் ஈலி என்னும் ஊரில், முதுகுப்பைக்கென ஊதியத்தில் பிடித்தமை குறித்துக் கிளர்ந்த உள்ளூர்ப் படையினர் ஐவர்க்குத் தலா 500 கசையடி விதிக்கப்பட்டது. முதுகுப்பையை நூலடுக்காகக் கொண்டிருந்தவர் வாளாவிருப்பரோ? கடுமையாக எழுதினார். 1810இல் இரண்டாண்டுச் சிறையும் 1000 பவுன் தண்டமும் கிடைத்தன. நியூகேட் சிறையில் இருந்தபடியே தம் பிள்ளைகளுக்குக் கடிதம் வாயிலாகக் கல்வி புகட்டினார். கடித வடிவில் கற்பிக்கும் பழக்கம் அங்கே வேர்கொண்டது.

1816 நவம்பரில் இதழின் விலையை இரண்டு பென்னியாகக் குறைத்தார். ஆலைத் தொழிலாளரும் வயற்கூலிகளும் கூடியிருந்து ஒருவர் படிக்கப் பலர் கேட்டனர். பல்லாயிரம் படிகள் விற்றன. வாக்குரிமை வேண்டி நாடெங்கும் மனுக்கள் எழுந்தன. அம்மனுக்களின் கதி யாது? 1793இலேயே ஷெஃபீல்ட் நகரத் தொழிலாளரின் மனுவை அதன் மொழி அவைக்குரிய மரியாதை உடையதன்று எனக் கூறி மக்களவை ஏற்க மறுத்திருந்தது. எழுதத் தெரியாதவன் சிந்திக்கத் தெரியாதவன். சிந்திக்கத் தெரியாதவனுக்கு வாக்கு எதற்கு என்பது மேலோர் வாதம். கற்பிக்கவும் மாட்டார், கல்லாமையையே குற்றமாகவும் சாட்டுவர். 1817இல் ஆட்கொணர்வு உரிமை நிறுத்தப்பட்டு, விசாரணையின்றிச் சிறையிடும் ஆணை வந்தபோது காபெட் மீண்டும் அமெரிக்கா சென்றார்.

லாங் ஐலண்ட் தீவில் ஒரு பண்ணையை வாடகைக்கு எடுத்து டர்னிப் பயிரிட்டுக்கொண்டே, 1818இல் தம் ஆங்கில மொழி இலக்கணத்தை வெளியிட்டார். பதினான்கு அகவை மகன் ஜேம்ஸ் பாலுக்கு எழுதிய கடிதங்களாக அது அமைந்துள்ளது. பள்ளிகளுக்கும் இளைஞர்க்கும், சிறப்பாகப் படைவீரர், கடலோடிகள், தொழில் பயிலும் சிறுவர், ஏரோட்டும் பிள்ளைகள் ஆகியோர்க்கும் உரியது என முகப்பிலேயே பொறித்தார். நன்னூலார் மாணாக்கர் இலக்கணம் வகுத்தார். காபெட் தம் மாணாக்கரின் தொழிலையே பட்டியலிட்டார்.

தந்தையார் செய்த பிழையை இவர் செய்யவில்லை. ஒவ்வொரு விதிக்கும் காரணம் சொன்னார். வினையைக் கண்டால் அதன் எழுவாயைத் தேடச் சொன்னார். தேடுதல் எளிதன்று. பெயர்களின் பட்டியல் நீண்டது என்பதன் ஆங்கில வடிவில், வினைக்கு அருகே நிற்பது பன்மையாகிய பெயர்கள் என்னும் சொல். ஆனால் வினையை ஆளுவது தொலைவில் நிற்கும் பட்டியல் என்னும் ஒருமை. அருகில் நிற்பதால் மட்டும் ஒன்று எழுவாய் ஆகிவிடாது. இட் என்னும் சிறு சொல்லைப் பற்றி அவர் தரும் எச்சரிக்கை புகழ்பெற்றது. அது எதைச் சுட்டுகிறது என விடை சொல்ல இயலாதபோது அதனை எழுதவே கூடாது என்பார். ஒரு பக்கத்தில் அது மிகுந்திருக்கக் கண்டால் எழுதியவனுக்காக நடுங்குவதாகவும் சொல்லுவார். நம் மாணவர் எழுதும் தமிழ்க் கட்டுரைகளில் அது, இது என்பன படுத்தும் பாட்டை அறிந்தவன் என்ற முறையில் யானும் அவரோடு சேர்ந்து நடுங்குகிறேன்.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. கூட்டத்தைக் குறிக்கும் பெயர்களுக்கு எடுத்துக்காட்டுத் தருமிடத்தில், கும்பலையும் கள்வர் குகையையும் நாடாளுமன்றத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தியுள்ளார். இலக்கணப்படி அதில் பிழையில்லை. அரசால் வழக்குத் தொடுக்கவும் இயலவில்லை. மொழிப் பேரறிஞர் எனப் போற்றப்பட்ட ஜான்சனின் கட்டுரைகளிலிருந்தும், வாட்ஸ் எழுதிய தருக்க நூலிலிருந்தும் பிழைகளை எடுத்துப் பகுத்துக் காட்டினார். 1823ஆம் ஆண்டுப் பதிப்பில் இன்னும் துணிந்தார். அரசியல் தலைவர் பிழைபட எழுதாமல் காக்கும் பொருட்டு என்று ஏளனமாகத் தலைப்பிட்டு ஆறு பாடங்களைச் சேர்த்தார். அரசவுரை, அமைச்சர் காசல்ரேயின் குறிப்பு, வெல்லிங்டன் கோமகனின் மடல், ஆயர் ஒருவரின் அறிவுரை ஆகியன அங்கே வரிவரியாக அறுக்கப்படுகின்றன. இந்த வினைக்கு எழுவாய் யாது? இந்தச் சுட்டு எதைக் குறிக்கிறது? இவ்விரண்டு வினாக்களே அவர் கருவிகள். லௌத் ஆயர் புலவரிடம் கண்ட பிழைகளை, அவர்தம் மாணாக்கராகிய படைவீரர் அரசரிடமும் ஆயரிடமும் கண்டார். முதல் ஆறு மாதங்களில் 13,000 படிகள் விற்றன என்பது காபெட் தந்த கணக்கு. ஏரோட்டும் பிள்ளையும் அமைச்சரின் வாக்கியத்தைப் பகுத்து, இங்கே பிழையுளது எனச் சுட்டலாம் என்னும் நிலை வந்தபின், பிழைபட எழுதுபவனுக்கு வாக்கு எதற்கு என்னும் மேலோர் வாதம் அவர்மீதே திரும்பியது.

குறையில்லாத மனிதராக அவரைக் காட்டுதல் அறமன்று. யூத மக்கள்மீது அவர் உமிழ்ந்த வெறுப்பு மன்னிக்கத்தக்கதன்று. கறுப்பின மக்களை இழிவாக எழுதினார். அடிமை ஒழிப்புக்குப் போராடிய வில்பர்ஃபோர்ஸை வாழ்நாளின் பெரும்பகுதி எள்ளி நகையாடினார். தம் போன்ற உழவனின் வலியை அத்துணை நுட்பமாக உணர்ந்த நெஞ்சம் பிறர் வலிக்கு ஏன் மூடிக்கொண்டது என எண்ணி வியப்பும் வருத்தமும் அடைகிறோம். 1833இல் பள்ளிக் கட்டடங்களுக்கு அரசு 20,000 பவுன் ஒதுக்கியபோது அதனையும் எதிர்த்தார். அரசு தரும் கல்வி அடங்கி நடக்கவே பழக்கும் என்பது அவர் அச்சம். இதில் நாம் அவரோடு உடன்படுவதற்கில்லை. கணப்பின் ஓரத்தில் தாமாகக் கற்பது காபெட்டுக்கு இயன்றது, எல்லார்க்கும் இயலுமோ?

1819இல் தாயகம் மீண்டபோது, தாம் முன்பு கடுமையாக ஏசிய தாமஸ் பெய்னின் எலும்புகளைத் தோண்டி எடுத்து உடன் கொண்டுவந்தார். நினைவு மண்டபம் எழுப்பும் எண்ணம் நிறைவேறவில்லை. எலும்புகளும் பின்னர்க் காணாமற் போயின. அவர் குணத்தின் விந்தைக்கு இதுவே போதிய சான்று. 1820இல் பொருள் முற்றும் இழந்தார். மீண்டும் எழுதியே நிமிர்ந்தார். குதிரைமேல் ஊர் ஊராகச் சென்று உழவர் வாழ்வைக் கண்டு எழுதிய நாட்டுப்புறப் பயணங்கள் 1830இல் நூலாயிற்று. 1831இல் அரசு தொடுத்த வழக்கில் தமக்குத் தாமே வாதாடினார். நடுவர் குழு ஒருமித்த முடிவு எட்டாமையின் விடுபட்டார். 1832இல் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியபின் ஓல்டம் தொகுதி மக்கள் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். கள்வர் குகையோடு தாம் ஒரே வரிசையில் நிறுத்திய அவையில், தம் எழுபதாம் அகவையளவில் அமர்ந்தார். ஏழையரைத் தொழிற்கூடங்களில் அடைக்கும் 1834ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தம்மால் இயன்றமட்டும் எதிர்த்தார்.

நள்ளிரவு கடந்தும் நீளும் அவைக்கூட்டங்கள் முதிய உடலுக்கு ஒவ்வவில்லை. 1835ஆம் ஆண்டின் கோடையில் தொண்டை நோயுற்று, சர்ரே மாவட்டத்தில் தம் பிறந்த ஊருக்குச் சில கல் தொலைவிலிருந்த பண்ணைக்குத் திரும்பினார். இறப்பதற்கு முந்தைய நாள், தம்மைத் தூக்கிச் சென்று வயல்களைச் சுற்றிக் காட்டுமாறு வேண்டினார். தூக்கிச் சென்றனர். தாம் இல்லாதபோது நடந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, தாம் சொன்னபடி செய்யாமல் விட்ட சிறு பிழைகளைக் கண்டு சுட்டிக்காட்டினார். மறுநாள், ஜூன் 18, உயிர் நீத்தார். தந்தையார் இலக்கண விதிகளை ஒப்பிக்கச் செய்த ஃபார்னம் ஊரிலேயே அவரை அடக்கம் செய்தனர்.